அமானிதமா, விற்பனைச் சரக்கா?

சிங்கப்பூரின் அஞ்சடிகளில் ஒரு காலத்தில் சிறு மேசையொன்றைப் போட்டுக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுப்போர் அமர்ந்திருந்ததை நம்மில் மூத்தோர் அறிவர். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத துறைமுகத் தொழிலாளரும், கடைச் சிப்பந்திகளும், சமையற்காரர்களும் சம்பளம் வாங்கிய கையோடு அவரிடம் வருவார்கள். ஊரிலுள்ள மனைவிக்குத் தெரிவிக்க வேண்டியதை அவர் காதில் சொல்லுவார்கள். ஊரிலிருந்து வந்த கடிதத்தை அவர் வாயால் கேட்பார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த செய்தி, தகப்பனாரின் நோய், அடகில் மூழ்கப்போகும் நகை, பாகப் பிரிவினைச் சண்டை ஆகிய யாவும் அந்த மேசையருகில் பேசப்பட்டன. கூலியாகச் சில காசுகள் கொடுக்கப்பட்டன.

ஒரு தெருவின் இரகசியம் முழுவதையும் அறிந்திருந்த அந்த மனிதரை மக்கள் ஏன் நம்பினார்கள்? அவர் எந்தப் பத்திரத்திலும் உறுதிமொழி எழுதித் தரவில்லை. எந்தச் சட்டமும் அவரைக் கட்டிப்போட்டிருந்ததாக அவர்களுக்குத் தெரியாது. எதற்காகச் சொல்லப்பட்டதோ அதற்காக மட்டுமே அவர் அதைப் பயன்படுத்துவார் என்ற எண்ணம் ஒன்றுதான் காரணம். கடிதம் எழுதுவதற்காகச் சொன்னோம். எழுதி முடிந்ததும் அது அவர் நெஞ்சோடு போயிற்று. வாய் திறந்து பேசாமலே செய்துகொண்ட உடன்படிக்கை அது.

இனி, இப்படி நினைத்துப் பாருங்கள். அவர் மாலையில் மேசையை எடுத்து வைத்துவிட்டு, வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் போய், "இன்னாருக்கு வரும் மாதம் தங்கையின் நிக்காஹ் இருக்கிறது, கையில் காசில்லை, நீங்களாகவே போய்க் கதவைத் தட்டுங்கள்" என்று சொல்லி அதற்கு ஒரு கமிஷன் பெற்றிருந்தால் அதை என்னவென்று சொல்லுவோம்? கடிதத்தை அவர் விற்கவில்லை. ஒரு வரியையேனும் பிறருக்குக் காட்டவில்லை. ஆயினும் அதை வியாபாரம் என்று நம்மில் யாரும் ஒப்பமாட்டோம். மோசடி என்றே சொல்லுவோம்.

நம் வீடுகளில் இதற்கென்று ஒரு சொல் வழங்கி வருகிறது. அமானிதம் என்பதே அது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை, ஒப்படைத்த நோக்கத்துக்கு அப்பால் தொடாமல் காப்பது. பணத்தை மட்டுமன்றி, நம்பிச் சொன்ன சொல்லையும் நம் பெரியோர் அமானிதமாகவே கருதினார்கள். இன்று உலக முழுவதும் பேசப்படும் தனிநபர் தகவல் என்னும் பிரச்னையை இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே ஆராய விரும்புகிறோம். நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: நம்மைப் பற்றி நாம் சமூக ஊடகக் கம்பெனிகளிடம் கொடுத்து வைத்திருப்பது அமானிதமா, அல்லது விற்பனைச் சரக்கா?

கூலி வாங்காத எழுத்தர்

அஞ்சடி எழுத்தரின் மேசை இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப், டிக்டாக், எக்ஸ் என்று பல பெயர்களில் அது வழங்குகிறது. இவற்றால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமன்று. கடையநல்லூரில் இருக்கும் பாட்டி, ஈசூனில் பிறந்த பேரனின் முகத்தை அன்றே பார்த்துவிடுகிறார். முன்பு தந்தி கொடுத்த மவுத்துச் செய்தி இப்போது ஒரு நொடியில் எட்டுகிறது. சிறிய பிரியாணிக் கடைக்காரர் கூடப் பத்து வெள்ளி செலவில் தம் வட்டாரத்தாருக்கு விளம்பரம் செய்துகொள்ள முடிகிறது.

இவ்வளவுக்கும் கம்பெனி நம்மிடம் கூலி கேட்பதில்லை. கூலி வாங்காமல் ஒருவர் நமக்கு இரவும் பகலும் வேலை செய்தால், அவருடைய சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது உலக வழக்கம். 2018 ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் கம்பெனியின் வருமானம் ஏறக்குறைய 5,580 கோடி அமெரிக்க டாலர். அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து கிடைத்தது.

விளம்பரம் பழைய பத்திரிகைகளிலும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் பத்திரிகை விளம்பரம் எல்லார் கண்ணிலும் ஒன்றாகவே பட்டது. இதுவோ ஆளுக்கு ஆள் வேறு. நாம் எந்தப் படத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றோம், எதை விரும்பினோம், எந்த ஊரில் இருக்கிறோம், யாரோடு பழகுகிறோம் என்பவற்றைக் கம்பெனி குறித்துக்கொள்கிறது. மற்றக் கடைகளின் இணையப் பக்கங்களில் நாம் என்ன தேடினோம் என்பதும் பல சமயங்களில் அதனிடம் வந்து சேருகிறது. பிறகு விளம்பரக்காரர், "இந்த வட்டாரத்தில் இருப்பவர், இந்த வயதினர், இன்ன பொருளை நாடுபவர்" என்று கேட்கிறார். அந்த ஆளின் கண்ணுக்கு முன்னால் இடம் ஏலத்துக்கு விடப்படுகிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும் நொடிக்குள் அந்த ஏலம் முடிந்துவிடுகிறது.

"உங்கள் தகவலை நாங்கள் விற்பதில்லை" என்று கம்பெனி சொல்லுகிறது. சொல்லளவில் அது சரிதான். கடிதத்தைக் காட்டாமல், வட்டிக்காரரை வீட்டு வாசல் வரை அழைத்துச் சென்ற எழுத்தரும் அதே பதிலைச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் செய்திகள், 2016 ஆம் ஆண்டு முதல், அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறெவரும், கம்பெனியேயாயினும், படிக்க இயலாதபடி பூட்டப்படுகின்றன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லுகிறோம். எனினும் யார் யாருடன், எப்பொழுது தொடர்புகொண்டார் என்பது கடித உறையின் மேல் எழுதிய முகவரியைப் போல வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நடந்தவை இரண்டு

வெறும் ஐயத்தின் பேரில் ஒருவரைக் குற்றம் சாட்டுவது முறையன்று. ஆகவே உலகறிய நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர், மனிதர்களின் குணாதிசயத்தை அறியும் வினாவிடைச் செயலி ஒன்றை ஃபேஸ்புக்கில் அமைத்தார். கல்வி ஆராய்ச்சிக்கென்று சொல்லப்பட்டது. ஏறக்குறைய 270,000 பேர் அதற்கு விடையளித்தார்கள். அக்காலத்தில் ஃபேஸ்புக் வைத்திருந்த விதிப்படி, விடையளித்தவரின் தகவல் மட்டுமன்றி அவருடைய நண்பர்களின் தகவலும் அந்தச் செயலிக்குக் கிடைத்தது. அது பின்னர் தேர்தல் பிரசாரத் தொழில் செய்த பிரிட்டிஷ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. பாதிக்கப்பட்டோர் 87 மில்லியன் பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே அறிவித்தது. அவர்களுள் சிங்கப்பூரில் இருந்தோர் ஏறக்குறைய 65,000.

கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். ஒருவர் தலையசைத்தார், அவர் பின்னால் முந்நூறுக்கு மேற்பட்டோரின் செய்தி எடுத்துச் செல்லப்பட்டது. அந்த முந்நூறு பேரை எவரும் கேட்கவில்லை. கம்பெனிக்கு இது 2015 ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தும், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவித்தது 2018 ஏப்ரலில்தான். இதைப்பற்றிச் சிங்கப்பூர் நாடாளுமன்றத் தெரிவுக் குழுவின் முன்னும் 2018 மார்ச் மாதத்தில் கம்பெனியின் பிரதிநிதி கடுமையாக விசாரிக்கப்பட்டார்.

அந்தத் தகவலால் எத்தனை வாக்குகள் மாறின என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் குற்றம் குறையுமா? ஒருவர் வைத்துப் போன நகையை எடுத்து அணிந்து கலியாணத்துக்குப் போய்விட்டு, ஒரு குந்துமணியும் குறையாமல் திரும்ப வைத்துவிட்டால் அது அமானிதத்தைக் காத்தது ஆகிவிடாது. நட்டம் வந்ததா என்பது இரண்டாவது கேள்வி. தொட உரிமை இருந்ததா என்பதுதான் முதற் கேள்வி.

இரண்டாவது நிகழ்ச்சி, அப்போது டுவிட்டர் என்ற பெயருடன் இயங்கிய, இப்போது எக்ஸ் எனப்படும் கம்பெனியைப் பற்றியது. கணக்கைத் திருடர் கைப்பற்றாதபடி காக்க வேண்டும், ஆகவே தொலைபேசி எண்ணைத் தாருங்கள் என்று கேட்டு, 2013 முதல் 2019 வரை 140 மில்லியனுக்கு மேற்பட்டோரிடம் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சல் முகவரியோ பெறப்பட்டது. பிறகு அவை விளம்பரக்காரர்களுக்கு ஆள் காட்டுவதற்கும் பயன்படுத்தப்பட்டன. இதற்காக அமெரிக்க அரசாங்கம் 2022 ஆம் ஆண்டு மே மாதம் 150 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. காவலுக்கென்று வாங்கிய சாவியைக் கொண்டு வேறு காரியம் பார்த்ததே இங்குள்ள குற்றம்.

இரு நிகழ்ச்சிகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பூட்டை உடைத்து எவரும் உள்ளே நுழையவில்லை. கொடுத்தது ஒரு நோக்கத்துக்கு. எடுத்தாண்டது மற்றொரு நோக்கத்துக்கு. நம்பிக்கைத் துரோகம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

சொல்லப்படும் சமாதானங்கள்

இதற்கு மாற்றுக் கருத்து உடையவர்கள் பலர். அவர்கள் சொல்லும் சமாதானங்களை அலட்சியம் செய்யாமல் ஒவ்வொன்றாகக் கேட்போம்.

"விதிகளையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் காட்டுகிறார்கள். நீங்கள்தாமே ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தினீர்கள்" என்பது முதற் சமாதானம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2008 ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் தாம் ஓராண்டில் காணும் இணையத் தளங்களின் தனியுரிமை விதிகளை எல்லாம் படிப்பதானால், அதற்கு மட்டும் 200 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்று கண்டார்கள். அப்படியிருக்க, படிக்க முடியாததை நீட்டிக் கையொப்பம் வாங்குவது எத்தகைய ஒப்பந்தம்? எழுத்தறியாதவரிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய நிலக்காரரை நம் கதைகளில் வில்லன் என்றோம். தவிரவும், வேண்டாம் என்று சொல்ல வழியிருந்தால்தான் ஆம் என்பதற்கு மதிப்பு உண்டு. பிள்ளையின் வகுப்புச் செய்தியும், வேலையிடத்துக் கட்டளையும், ஜமாஅத்தின் அறிவிப்பும் ஒரே செயலியில்தான் வரும் என்று ஆகிவிட்ட பிறகு, வேண்டாதவர் எங்கே போவார்?

"மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம்?" என்பது இரண்டாவது. குளியலறைக் கதவைத் தாழிடுபவர் உள்ளே களவு செய்வதில்லை. மகளுக்கு வந்த வரன் தட்டிப் போனதைத் தெருவில் சொல்லாத தாய் குற்றவாளி அல்லர். மறைப்பது வேறு, மானத்தைக் காப்பது வேறு.

இதற்கு நம் வீட்டு வாசலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் தலைமையகம் கொண்ட, தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ஒரு செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தம் கைத்தொலைபேசியில் வைத்திருந்தனர். அச்செயலியிலிருந்து, மக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் தகவல் ஓர் அமெரிக்க இடைத்தரகருக்குப் போகிறது என்றும், அத்தரகரின் வாடிக்கையாளருள் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரரும் உண்டு என்றும் 2020 நவம்பரில் ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்டது. இராணுவத்துக்குத் தாங்கள் எதையும் விற்கவில்லை என்று செயலி நடத்துவோர் மறுத்தனர். அத்தரகருடன் இருந்த தொடர்பையும் அறுத்துக்கொண்டனர். அந்தத் தரகர் கம்பெனி, வணக்கத் தலங்கள், மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்றுவரும் தகவலை விற்கக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் தடை விதித்தது. சுபுஹு நேரம் பார்ப்பதற்காகச் செயலியைத் திறந்தவரிடம் மறைப்பதற்கு என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அவர் கேட்டது தொழுகை நேரம். அவர் எங்கே நின்று தொழுதார் என்பதை எவருக்கும் கொடுக்க அவர் எண்ணியதே இல்லை.

"மனிதர் எவரும் படிப்பதில்லை, இயந்திரந்தானே படிக்கிறது" என்பது மூன்றாவது சமாதானம். இதில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரரைப் போல இயந்திரம் நம்மை இகழ்வதில்லை. ஆனால் படிப்பது இயந்திரமாயினும், அதன் பயனை அடைவது மனிதர். அதன் விளைவைச் சுமப்பதும் மனிதர். ஒருவரின் பலவீனத்தை அறிந்து, அவர் தளர்ந்திருக்கும் வேளை பார்த்து, அவர் முன் ஒரு தூண்டிலை வைப்பது அறமன்று என்றால், தூண்டிலை வைத்த கை இரும்பால் ஆனது என்பதனால் அது அறமாகிவிடாது.

நம்பிக்கை அபராதத்தால் வருமா?

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பின், முன்பு கொடுத்த வாக்குறுதியை மீறியதற்காக ஃபேஸ்புக் கம்பெனிக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019 ஜூலையில் 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. இத்தகைய குற்றத்துக்கு அதுவரை விதிக்கப்பட்ட அபராதங்களுள் அதுவே மிகப் பெரியது. ஆயினும் அது அக்கம்பெனியின் ஏறக்குறைய ஒரு மாத வருமானமே. அபராதம் கட்டியதால் கணக்கு நேராயிற்று என்று சொல்லலாம். நம்பிக்கை திரும்பி வந்ததா? 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றப்போவதாக அறிவித்தபோது, என்ன மாறுகிறது என்று சரியாகப் படித்துப் பார்க்கக்கூட நில்லாமல், மக்கள் பெருந்திரளாகச் சிக்னல், டெலிகிராம் என்று வேறு செயலிகளுக்கு ஓடினார்கள். கம்பெனி விளக்கம் மேல் விளக்கம் கொடுத்தது. விதியை நடைமுறைப்படுத்தும் நாளையும் மே மாதத்துக்குத் தள்ளி வைத்தது. தனிப்பட்ட செய்திகளை இந்த மாற்றம் தொடவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையாகவே இருந்தும் பலர் நம்பவில்லை. ஒரு முறை நம்பிக்கையை இழந்தவர் சொல்லும் மெய்யும் விலைபோவதில்லை என்பதற்கு இஃது ஒரு பாடம்.

நம்பிக்கை தவறும் ஆபத்து கம்பெனிகளுக்கு மட்டும் உரியதன்று. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், சிங்கப்பூரில் டிரேஸ்டுகெதர் என்னும் செயலி வந்தது. நோய்த் தொடர்பைக் கண்டறிவதற்கு மட்டுமே அதன் தகவல் பயன்படும் என்று முதலில் உறுதி கூறப்பட்டது. குற்ற விசாரணைக்காகப் போலீசாரும் அதைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வெளியாயிற்று. மக்களிடையே மனக்கசப்பு ஏற்பட்டது. பொறுப்பான அமைச்சர் அந்தத் தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அடுத்த மாதமே அவசரச் சட்டமூலம் ஒன்று நிறைவேறியது. கொலை போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அத்தகவலைத் தேடலாம் என்று அது எல்லை வகுத்தது. அந்த எல்லை போதுமா என்பதில் வேறுபட்ட அபிப்பிராயங்கள் உண்டு. ஆயினும் அதனின்று நாம் கற்பது ஒன்று: சொன்ன சொல்லுக்கும் செய்த செயலுக்கும் இடையே இடைவெளி கண்டால், அதைச் சபையில் ஒப்புக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் வரம்பு கட்டுவதே நம்பிக்கையைச் சீர்செய்யும் வழி. பதினைந்து பக்கத்து விதியில் ஒரு வாக்கியத்தை மாற்றி வைப்பது வழியன்று.

நம் கை சுத்தமா?

இவ்வளவும் பிறரைப் பற்றிச் சொன்னோம். குற்றம் அமெரிக்கக் கம்பெனிகளோடு முடிந்துவிடுமானால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். நம் சங்கத்திலேயே நடந்த ஒன்றை ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நோன்பு மாதத்தில், வசதி குறைந்த குடும்பங்களுக்கு நாம் அரிசியும் எண்ணெயும் கொடுத்தோம். உதவியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமல்லவா? எனவே பை வாங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் படம் எடுத்தோம். அன்றிரவே அவை சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறின. நூற்றுக்கணக்கானோர் பாராட்டினார்கள். நமக்கும் மகிழ்ச்சியாயிருந்தது. மறு மாதம் ஒரு சகோதரி வரவில்லை. காரியதரிசி தொலைபேசியில் விசாரித்தபோது அவர் சொன்னார்: "நீங்க அரிசி கொடுத்ததுக்கு அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான் அண்ணே. ஆனா அந்தப் படத்த என் மகனோட பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பார்த்துட்டாங்க. இனிமே வேணாம்."

"படம் எடுக்கும்போது சரியென்றுதானே தலையசைத்தீர்கள், தங்கச்சி?" என்று காரியதரிசி கேட்டார். "கையில பையக் கொடுத்துக்கிட்டே கேட்டா வேற என்ன சொல்லுவேன்?" என்றார் அவர்.

நிர்வாகக் கூட்டத்தில் காரியதரிசி இதைச் சொன்னபோது நம்முள் ஒருவருக்கும் பதில் பேச நாவெழவில்லை. கம்பெனியின் பொத்தானைப் பற்றி நாம் என்ன குறை சொன்னோமோ, அதையே நாம் அரிசிப் பையை வைத்துக்கொண்டு செய்திருந்தோம். அவர் தம் கஷ்டத்தை நம்மிடம் சொன்னது உதவிக்காக. நாம் அதை எடுத்தாண்டது நம் பெயருக்காக. படங்களை அன்றே நீக்கினோம். ஆனால் எத்தனை பேர் அதைத் தம் தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதை எவரால் சொல்ல முடியும்? சகோதரியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். மன்னித்தார். ஆயினும் அவர் திரும்ப வரவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

நாம் முன்பு பார்த்த 270,000 பேரை இப்போது நினைவுகூருங்கள். அவர்களுள் ஒருவரும் தீயவர் அல்லர். பொழுதுபோக்காகவோ சிறு கூலிக்காகவோ சில கேள்விகளுக்கு விடையளித்தவர்கள். தம் கையிலிருப்பது தமக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் எண்ணவில்லை, அவ்வளவே. நாமும் நாள்தோறும் அதையே செய்கிறோம். புதிய செயலி ஒன்று "உங்கள் தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா?" என்று கேட்கிறது. சரி என்று அழுத்துகிறோம். அந்தப் பட்டியலில் இருப்பது நம் எண்ணா? நம்மை நம்பித் தந்த நானூறு பேரின் எண்கள். ஃபேஸ்புக்கில் சேராதவர்களைப் பற்றியும் கம்பெனியிடம் தகவல் சேருகிறது என்பதை 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் அதன் தலைவர் சக்கர்பர்க்கே ஒப்புக்கொண்டார். ஒதுங்கியிருப்பவரையும் அவரது நண்பரின் கையே காட்டிக் கொடுக்கக்கூடும்.

ஆகவே, "என் தகவல், என் இஷ்டம்" என்ற பேச்சு பாதி உண்மைதான். நம் நோயைப் பற்றிச் சொன்னால் நம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும் சொன்னதாகிறது. நம் வீட்டு விருந்தைக் காட்டினால் விருந்துக்கு வந்தவரையும் காட்டியதாகிறது. மனிதர் தனித்து வாழாதபடியால், மனிதரைப் பற்றிய செய்தியும் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொருவர் கையிலும் பிறருடைய அமானிதம் கலந்தே இருக்கிறது.

செய்யத்தக்கவை

செயலிகளையெல்லாம் விட்டொழியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அது நடவாத காரியம், நம்மாலும் ஆகாது. சட்டம் துணை நிற்கிறது. மலேசியாவில் 2010 ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012 ஆம் ஆண்டிலும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எதற்காகப் பெறுகிறோம் என்பதைச் சொல்லி, ஒப்புதல் பெற்று, அதற்கே பயன்படுத்தி, தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பது சிங்கப்பூர்ச் சட்டத்தின் சாரம். இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமன்றி நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் பொருந்தும். ஆனால் சட்டம் வேலியே தவிர, பயிர் அன்று. எவரும் பாராத இடத்திலும் எல்லையைக் காப்பவரிடமே நம்பிக்கை விளையும்.

முதலில் நம் சங்கத்தைச் சீர்செய்வோம் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. இனி உதவி பெறுவோர் எவரையும் படம் எடுப்பதில்லை. அடுக்கி வைத்த பைகளின் படமும் எண்ணிக்கையும் கணக்குக்குப் போதும். அங்கத்தினர் விண்ணப்பத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் பழைய கட்டத்தை எடுத்துவிட்டோம். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல் தக்க காரணமின்றி அதைக் கேட்பதற்கு இடமில்லை என்றிருந்தும் நம் படிவம் மாறாமலே இருந்தது. கல்வி உதவி கேட்டு வரும் மாணவர்களின் குடும்ப வருமானப் பத்திரங்கள், தேர்வு முடிந்ததும் கிழித்து அழிக்கப்படும். அங்கத்தினரின் தொலைபேசி எண்களை எந்த வியாபாரிக்கும், அவர் எவ்வளவு நன்கொடை தந்தவராயினும், கொடுப்பதில்லை.

அங்கத்தினர்களிடம் நாம் வேண்டுவதும் சிறிதே. பிறருடைய படத்தை ஏற்றுமுன் அவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய வேளையில் கேளுங்கள். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலிக்கு இல்லை என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அது அப்படியும் வேலை செய்யும். வினாவிடை விளையாட்டுகளுக்கு விடை கூறுமுன், இதை யார், எதற்குக் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரிய கம்பெனிகளிடம் வரம்பை எதிர்பார்க்கும் நாம், நம் கையளவு உலகில் அந்த வரம்பைக் காத்துக் காட்டினால்தான் நம் கோரிக்கைக்கு வலிமை உண்டு.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். நம்மைப் பற்றிய செய்தி, நம்பி ஒப்படைக்கப்பட்ட நொடியிலிருந்து, அமானிதமே. அதை வாங்கியவர் கூலி வாங்கினாரா இல்லையா என்பதும், நாம் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதும் அந்தத் தன்மையை மாற்றுவதில்லை. அஞ்சடியில் அமர்ந்திருந்த எழுத்தர்கள் பெரும் பணக்காரர் ஆகவில்லை. அவர்களிடம் சொல்லப்பட்டவற்றை அவர்கள் நினைத்திருந்தால் நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். விற்காமலே தம் மேசையை மடித்துக்கொண்டு போனார்கள். அவர்களை நம்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகிய நாம், நம்மை நம்பியவர்களுக்கு அவ்வளவேனும் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.